கிராபிக்ஸ் கார்டு கேட்டு ஒரு மனு

சூடான தூசிக்கு ஒரு வாசனை உண்டு. பழைய கம்ப்யூட்டரை மதியம் முழுக்க ஓடவிட்டால் வரும். திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறையில், ஷீட் கூரைக்குக் கீழே, அந்த வாசனையோடுதான் சாப்பிட்டோம், தூங்கினோம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இருக்கிற வீடு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொரோனா முடிந்து கல்யாணங்கள் மறுபடி களைகட்டிய நேரம். இருந்த வேலையை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். என் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தாலி கட்டும் இடத்தில் கொஞ்சம் பூ தூவினால் போதும், படம் நின்றுவிடும். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போய்... அங்கேயே இருக்கும்.

ஸ்டுடியோ அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆவணில வரிசையா கல்யாணம் கீது தம்பி. அதுக்குள்ள கார்டு போட்டுடு. இல்லன்னா பாண்டில ஆள் பாத்துக்குவேன்."

பணம் இல்லாமல் இல்லை. மொய்ப் பணத்தில் கார்டுக்கென்றே என் மனைவி சுமதி எடுத்து வைத்திருந்தாள். ஆனால் அப்போது கார்டு விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. இன்று வாங்கி நாளைக்கு இறங்கிவிட்டால்? அந்த பயம்தான். கோட்டக்குப்பத்து நண்பன் அன்வரோடு தினமும் போனில் இதே பஞ்சாயத்து.

சித்திரை போனது. வைகாசி போனது...

ஆனியில் ஒருநாள் வளவனூரிலிருந்து மாமனார் வந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். பை நிறைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொண்டுவந்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அன்வரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"இங்க கார்டே கெடைக்கலடா... புது கார்டு வரப்போவுதாம், அதுவரைக்கும் பாப்போம்... வேணாம், பழைய கார்டு வாங்கனா பேஜாரு..."

பேசி முடித்ததும் மாமா மெதுவாகக் கேட்டார்.

"அது இன்னா கார்டு மாப்ள?"

"கிராபிக்ஸ் கார்டு மாமா. அது இருந்தாதான் வேல ஓடும்."

"எப்ப குடுப்பாங்களாம்?"

கடைக்காரனைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "தெரியல மாமா. வெயிட் பண்ணித்தான் ஆவணும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் என் போனுக்கு, தங்கள் மனு பெறப்பட்டது என்று ஒரு மெசேஜ் வந்தது. ஏதோ தவறாக வந்திருக்கிறது என்று அழித்துவிட்டேன். அப்புறம் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். வளவனூர் பெரியவர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்து, திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் மனு கொடுத்திருக்கிறாராம். மருமகனுக்கு கிராபிக்ஸ் கார்டு வழங்கி வாழ்வாதாரம் காக்க வேண்டும் என்று.

எனக்குக் காது சுட்டது. அடித்துப் பிடித்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

மனு என்ன ஆனது என்று கேட்க, மாமா அந்த ஆபீசில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கையில் என் ஆதார் ஜெராக்ஸ், சுமதியிடம் கேட்டு வாங்கியது. அந்த அம்மா அவரிடம் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பெரியவரே, இது நாங்க குடுக்கற கார்டு இல்லங்க. கம்ப்யூட்டருக்குள்ள போடற சாமான். கடைல விப்பாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இந்த மனுஷன் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"கடைல விக்கற சாமானா மாப்ள?"

"ஆமா மாமா."

"கைல துட்டு இல்லியா?"

"இருக்குது மாமா."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தினி மாசமா சும்மா குந்திகினு கீறீங்க?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் இப்போது அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ரேஷன் கார்டு, நூறுநாள் வேல கார்டு, காப்பீட்டு கார்டு... எனக்கு எல்லாமே நடையா நடந்துதான் மாப்ள வந்துச்சி. உங்களுக்கு வேல கீது, நடக்க நேரமில்ல, நாம நடப்போம்னு பாத்தேன். தப்பு பண்ணிட்டனா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, நேரம் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை, நேரம் கொட்டிக் கிடந்தது. இந்த மனுவுக்காக அவர் எத்தனை நாள் கூலியை விட்டாரோ... கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

மறுநாளே சென்னைக்குப் போய், சொன்ன விலைக்குக் கார்டு வாங்கி வந்தேன். ஆவணி வேலை கைவிட்டுப் போகவில்லை. அப்புறம் விலை இறங்கியது. அன்வர் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

இப்போது விழுப்புரத்திலேயே சொந்தமாகச் சின்னதாக ஒரு ஆபீஸ். மேலே ஏசி ஓடுகிறது, தூசி வாசனை இல்லை. அந்தக் கார்டுக்கு வயசாகிவிட்டது, புதுசு வேண்டும். விலை மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது, ஏஐ வந்ததால் என்கிறார்கள். இப்போதே வாங்கலாமா, பொங்கல் வரை பார்க்கலாமா என்று போன வாரம் வீட்டில் அன்வரோடு போனில் அளந்துகொண்டிருந்தேன்.

சுமதி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அப்பாவுக்கு இப்ப முட்டி வலி. முன்ன மாதிரி நடக்க முடியாது. இந்த வாட்டி நீங்களே போய்ட்டு வந்துடுங்க."