எளாவூர் செக்போஸ்ட்டில் நான் கட்டிய வேஷம்

1974-ஆம் வருஷம், வைகாசி மாதம். கும்மிடிப்பூண்டியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சூளூர்ப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு சர்ச்சில் எனக்குக் கல்யாணம். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் முதல் நாளே போய்விட்டார். லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார்; கிறிஸ்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, எங்கள் பஸ்ஸும் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் நின்ற பஸ்ஸில் என் அண்ணனும் எங்கள் பங்காளிகள் மூன்று பேரும் ஒவ்வொரு சீட்டாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தோடு இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

அங்கே ஒரு நாடகக் குழுவின் வேன் நின்றிருந்தது. ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் ஏதோ ஊர்த் திருவிழாவுக்குப் போகிறார்கள். நேரமாகிவிட்டதால் வண்டியிலேயே அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ராஜா வேஷத்தில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாரு தொரத்துறாங்க?"

"எங்க அண்ணன்" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே ஏற்றினார். என் புடவைக்கு மேலேயே சேவகன் அங்கியை மாட்டினார்கள். சடையைச் சுருட்டித் தலைப்பாகைக்குள் திணித்தார்கள். ஒருவர் முகத்தில் அரிதாரத்தை அப்பி, கரியால் மீசை வரைந்தார். கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து, மூலையில் உட்கார வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தான். பின்னால் மற்றவர்கள் நின்றார்கள்.

"இந்தப் பக்கம் ஒரு பொண்ணு வந்துச்சா?"

"எங்க கிட்ட பொம்பள வேஷம் கட்றவன்தான் கீறான்பா. பொம்பள யாரும் இல்ல" என்றார் பெரியவர், கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே.

அண்ணனின் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டி என் மேல் வந்து நின்றது. அங்கிருந்து, ஈட்டியைப் பிடித்திருந்த என் கைக்கு இறங்கியது.

"இங்க யாரும் இல்ல. வாங்கடா, பின்னாடி பஸ்ஸப் பாக்கலாம்" என்று அவன் திரும்பிவிட்டான்.

எல்லையைத் தாண்டியதும் பெரியவர் தேங்காய் எண்ணெயும் துணியும் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு என்ன நாடகம் என்று கேட்டேன். ராஜாவின் மகள் தேரோட்டியின் மகனை விரும்புகிறாள். ராஜா அவனை வெட்டச் சொல்கிறார். அதுதான் கதை என்றார்.

"ஊரூரா போயி அந்தப் பையன வெட்டச் சொல்லி உத்தரவு போடுறேன்மா. எல்லா ஊர்லயும் சனங்க அழுவுது. ஊட்டுக்குப் போனா அதே சனங்கதான் கத்தியத் தூக்குது" என்றார். சூளூர்ப்பேட்டையில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணம் நடந்தது. அப்பா என்னைத் தலை முழுகிவிட்டார். சில வருஷங்கள் கழித்து அவர் இறந்த செய்தி கேட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் விடவில்லை. தெருமுனையில் நின்றிருந்தேன். அண்ணன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அன்னிக்கி வேன்ல நீதான்னு எனக்குத் தெரியும்" என்றான். "உங் கை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்ணா உட்டுட்ட?"

"கூட வந்தவனுங்க சும்மா வரல. வேட்டி மடிப்புல கத்தி இருந்துச்சு."

"நைனாகிட்ட சொன்னியா?"

"கடைசி வரைக்கும் சொல்லல. உன்னப் புடிக்காம வந்துட்டன்னு எங்கிட்டயும் அவரு பேசல."

என் குழந்தையின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, கொள்ளி வைக்கப் போனான். எனக்காக அவன் இத்தனை வருஷம் அப்பாவின் பேச்சை இழந்திருந்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்காக வராத அழுகை, அப்போதுதான் வந்தது.

இப்போது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தினமும் ஏதாவது ஒரு தொடரில் ஒரு பெண் காதலித்தவனோடு ஓடுகிறாள். வீடே உட்கார்ந்து அவளுக்காகக் கண் கலங்குகிறது. நானும் பார்க்கிறேன், ஆனால் என் மனம் எப்போதும் அவளைத் தேடி வருகிற கூட்டத்தில்தான் நிற்கும், பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிப் போகிற ஒருவனாவது அதில் இருக்கவேண்டுமே என்று.