பன்றி வேட்டையில் ஒரு குரூப் போட்டோ

சுகர் லேண்டில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில், வருடக் கடைசி ரிலீஸ் முடிந்ததும் எங்கள் மேனேஜர் டீமைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பன்றி சுடப் போவார். டெக்சாஸில் பன்றிகளுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. வயலைக் கிளறும், வேலியைப் பிய்க்கும், கன்றுக்குட்டிக்கு வைத்த தீனியைத் தின்னும். பண்ணைக்காரர்களே காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துப்போகிறார்கள். ரைஃபிள் இல்லாதவனுக்கு ரைஃபிள் கொடுத்து, சுடத் தெரியாதவனுக்குச் சொல்லியும் கொடுத்து, ராத்திரி சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள். தன் வயலைக் காப்பாற்ற அடுத்தவனிடம் காசு வாங்குகிற இந்த சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்குப் பக்கத்து கியூபிக்கிளில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் 'நான் வெஜிடேரியன்' என்று ஒரு வரி மெயில் போட்டார். அதோடு அவரை விட்டுவிட்டார்கள். நானும் அதே வழியில் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். நாங்கள் பன்றி சாப்பிடமாட்டோம், எங்கள் மார்க்கத்தில் கூடாது என்று மேனேஜரின் அறைக்கே போய்ச் சொன்னேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டு, உன்னை யார் சாப்பிடச் சொன்னது, சுட்டால் போதும் என்றார். சுடுவதற்கும் தடை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

முந்தின இரண்டு வருடமும் காய்ச்சல், குழந்தைக்கு வயிற்றுவலி என்று ஏதோ சொல்லி நழுவியிருந்தேன். ஆனால் போய்விட்டு வந்தவர்கள் அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்தப் பேச்சையே பேசுவார்கள். மீட்டிங்கில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் பல்லைக் காட்டுவேன். இந்த இளிப்பு எனக்கே பிடிக்கவில்லை. இன்னொன்று, எனக்கு உள்ளூரச் சுட்டுப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஊரில் தர்கா கந்தூரித் திருவிழாக் கடைகளில் பலூன் சுட்டதோடு சரி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவியின் முகம் செத்துப்போயிற்று.

காரணம் பன்றி இல்லை, கிரீன் கார்டு. எங்கள் அப்ளிகேஷன் எல்லாப் படியும் தாண்டி, கைரேகையும் கொடுத்து முடித்து, 'நேம் செக்' என்ற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. என் பெயரை வைத்துக்கொண்டு எங்கேயோ யாரோ எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வக்கீலிடம் கேட்டால் காத்திருங்கள் என்பார். எனக்குப் பிறகு அப்ளை பண்ணிய மயிலாப்பூர்க்காரருக்குக் கார்டு வந்து, அதைக் கொண்டாட அவர் வீட்டில் பாயசம் குடித்துவிட்டும் வந்தோம். அவர் பெயர் சரிபார்க்க எளிதான பெயர் போலிருக்கிறது. 2005-இல் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் இது சகஜம். ஜும்ஆத் தொழுகை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசினால் பாதிப் பேர் பேசுவது நேம் செக்கைப் பற்றித்தான். அதற்காகப் பயம் குறைந்துவிடுமா? கார்டு மறுக்கப்பட்டால் வீட்டை விற்று, இங்கேயே பிறந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரவேண்டும். மனைவிக்கு அந்த நினைப்பிலேயே தூக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நேம் செக் இன்னும் முடியல மச்சான். உங்க பேர வச்சிக்கிட்டு கையில துப்பாக்கி, அத ஒருத்தன் போட்டோ புடிச்சு இன்டர்நெட்ல போட்டான்னா? பன்னி சுடப் போனேன்னு யாருகிட்ட போய் explain பண்ணுவீங்க?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அந்த மச்சான் கொஞ்சம் நீளும். அன்று நீளவில்லை, குரல் இறங்கியிருந்தது. அதனால் நான் சத்தம் போடாமல் வக்கீலுக்கு போன் பண்ணினேன். விசாவில் இருப்பவர்கள் சும்மா துப்பாக்கியைத் தொடக்கூடாது, வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் தொடலாம் என்று அவர் சொன்னார். விளையாட்டுச் சாமான் கடையில், டென்னிஸ் பந்து விற்கிற கவுன்டருக்குப் பக்கத்திலேயே, அதை எடுத்தேன். கவுன்டர்க்காரப் பையன் என் பெயரை எழுத்துக்கூட்டி டைப் பண்ணிவிட்டு, நல்லபடியாக வேட்டையாடுங்கள் என்று வாழ்த்தியும் அனுப்பினான். அவனுக்கு ஒரு செக்கும் தேவைப்படவில்லை.

மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். பன்றியைத் தொடக்கூடாது. நாங்கள் மார்க்கச் சட்டத்தில் இமாம் ஷாஃபியின் வழிக்காரர்கள். ஈரத்தோடு பன்றி பட்டுவிட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. இரண்டாவது, எந்தப் போட்டோவிலும் என் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது. இரண்டுக்கும் சரி என்றேன்.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். மேனேஜர், டீமில் மூன்று பேர், நான். ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஊரெல்லாம் முடிந்து, வெறும் வேலியும் ஓக் மரமுமாக வந்த பாதையில் பண்ணை இருந்தது. கைடு ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர், பண்ணைக்குச் சொந்தக்காரர். கண்டக்டர் டிக்கெட் கேட்கிற வேகத்தில் பேசினார். எல்லாரையும் 'ஹனி' என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மற்ற நால்வரும் இலையும் கிளையும் அச்சடித்த வேட்டை உடுப்பில் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு சொந்த ரைஃபிள். நான் ஆபீசுக்குப் போடுகிற ஜாக்கெட்டில் போயிருந்தேன். புதிதாக வருகிறவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவேண்டும் என்று சொல்லி கைடு எனக்கு மட்டும் ஒரு ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிவிட்டார். முழங்கால் வரை தொங்கியது.

மத்தியானம் முழுக்க எனக்குப் பாடம். ஒரு மேஜை, அதன்மேல் மணல் மூட்டை, மூட்டையின்மேல் ரைஃபிள். தூரத்தில் பன்றி வரைந்த அட்டை. குண்டு இல்லையென்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைத்துக்கொள், சுடப்போகிற வரை விரலை விசைப்பக்கம் கொண்டுபோகாதே, சுடவேண்டாததை நோக்கிக் குழாயைத் திருப்பாதே என்று முதலில் கைடு என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். பிறகு மூச்சு. பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி, விசையை இழுக்காமல் மெதுவாக அழுத்தவேண்டும். எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக்கூடாது என்றார். முதல் தடவை வெடித்தபோது துப்பாக்கிக் கட்டை தோளில் இடித்த இடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குண்டு அட்டைப் பக்கமே போகவில்லை. மேனேஜர் கைதட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது.

ஆனால் நாலைந்து குண்டுக்குப் பிறகு கை பிடிபட்டுவிட்டது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உலகத்தில் அந்த வட்டம் மட்டும்தான். நேம் செக் இல்லை, வக்கீல் இல்லை, மேனேஜர் இல்லை. பொழுது சாய்வதற்குள் அட்டைப் பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு தேநீர்க் கோப்பை மூடுகிற இடத்துக்குள், குண்டுகளைப் போட்டுவிட்டேன். இவன் நிஜமாகவே இதற்கு முன் சுட்டதில்லையா என்று டீமில் ஒருவன் கேட்டான். பாராட்டித்தான் கேட்டான். என் காதில் அது விசாரணை மாதிரி விழுந்தது. பலூன் மட்டும்தான் என்று அவசரமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரிந்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் ஆளுக்கொரு பரணில் ஏற்றினார்கள். பலகை அடித்து உயரத்தில் கட்டிய சின்ன அறை, சுட ஒரு ஜன்னல். புதியவன் என்பதால் என்னோடு கைடு உட்கார்ந்தார். எதிரே மரத்தில் தொங்கிய தீனி டப்பா நேரம் வந்ததும் தானாகச் சுழன்று மக்காச்சோளத்தைச் சிதறவிட்டது. முதலில் ஒரு தாயும் குட்டிகளும் வந்தன. கைடு என் முழங்கையைத் தொட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். அவை தின்று போனபின் ஒற்றையாக ஒரு ஆண் பன்றி வந்தது. கறுப்பு, முதுகில் சீப்பு மாதிரி மயிர், வாயோரம் கோரைப்பல். அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்தேன். உயிரை எடுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லியே பழகிய நாக்கு, பன்றிக்குச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறியது. சொல்லாமலேயே அழுத்தினேன்.

நின்ற இடத்திலேயே விழுந்தது. காலை இரண்டு தடவை உதைத்துவிட்டு அடங்கியது. கைடு என் முதுகில் அறைந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று வேறு யாருக்கும் பன்றி அகப்படவில்லை. எல்லாரும் வந்து சேர்ந்து என் பன்றியைச் சுற்றி நின்றார்கள். போட்டோ நேரம் வந்துவிட்டது என்று புரிந்ததும் நான் முந்திக்கொண்டு மேனேஜரின் டிஜிட்டல் கேமராவை வாங்கினேன். நான் எடுக்கிறேன், நீங்கள் நில்லுங்கள் என்று நாலைந்து எடுத்தும் விட்டேன். அதோடு தப்பித்திருப்பேன். கைடு வந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். சுட்டவன் இல்லாத படம் ஒரு படமா என்றார். மேனேஜர் என் தோளைப் பிடித்து இழுத்து, எல்லாருக்கும் நடுவில், பன்றிக்குப் பின்னால் நிறுத்தினார்.

கைடு குண்டெல்லாம் எடுத்துவிட்ட ரைஃபிளை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடியும் நீட்டினார். தோள் வலிக்கிறது என்றேன். கீழே குந்தியிருந்தவன், அப்படியானால் கோரைப்பல்லையாவது பிடி என்று என் கையை எட்டினான். சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன். சிரி என்றார்கள். ஃப்ளாஷ் கண்ணில் அடித்தது. இரண்டு நிபந்தனையையும் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதிதான் எனக்கு.

வீட்டுக்கு வந்தால் மனைவி கராஜ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தொடவே இல்லை என்று சொன்னதை அவள் சட்டை பண்ணவில்லை. ஷூவுக்கும் கைக்கும் மண் போட்டுக் கழுவத் தயாராக இருந்தாள். முதலில் கடையில் தொட்டி மண் ஒரு மூட்டை வாங்கியிருக்கிறாள். எரு கலந்தது என்று அதில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லையில் புல்லைப் பெயர்த்துத் தோண்டி வைத்திருந்தாள். ஏழு தடவை கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகுதான் போட்டோ பற்றிக் கேட்டாள். கவலையே படாதே என்றேன்.

அடுத்த வாரம் மேனேஜர் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு ஆபீசில் காபி போடுகிற அறையில் மாட்டினார். எனக்கும் ஒன்று ஃபிரேம் போட்டுக் கொடுத்தார். இப்போது எங்கள் பையன் ஆகிவிட்டாய் என்று அவர் சொன்னது எனக்கு உண்மையிலேயே இனித்தது. கிரீன் கார்டைப் பொறுத்தவரை, அது இரண்டு வருடம் கழித்து ஒரு சாதாரணக் கவரில் வந்தது. எதைச் சரிபார்த்தார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. எந்தப் படத்தைப் பற்றியும் எவரும் கேட்கவில்லை.

ஃபிரேமைக் கொண்டுபோன அன்று மனைவி சமையலறையில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் என் கையில் துப்பாக்கி இருக்கிறதா என்றுதான் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எடுத்துப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்ன மச்சான் இது? உங்களப் புடிச்சிட்டு வந்து நிறுத்துன மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காகப் பார், பன்றியைச் சுட்டதே நான்தான், அதனால்தான் என்னை நடுவில் நிறுத்தினார்கள் என்று சத்தம் போட்டேன். அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

பச்சை உடுப்பில் நாலு வெள்ளைக்காரர்கள், நாலு ரைஃபிள். நடுவில் ஆரஞ்சு உடையில் தாடியோடு நான். கை இரண்டும் பின்னால். மேனேஜரின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. ஃப்ளாஷுக்குக் கண்ணைச் சுருக்கியதில் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த நிறத்தையும் அந்த நிற்பையும் அப்போது டி.வி. செய்தியில், தீவிரவாதிகள் என்று பிடித்து அடைத்துவைத்த கைதிகளிடம், நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"துப்பாக்கியப் புடிச்சிக்கிட்டே நின்னிருக்கலாம் மச்சான்," என்றாள். "அவங்கள்ல ஒருத்தரா தெரிஞ்சிருப்பீங்க."