சமையலறையின் பின்கதவு

மொன்றியலில் யூதக் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் நான் சமையல் செய்கிறேன். அந்த வருடம் அங்கே இஸ்ரேலில் இருந்து இரண்டு இளம் தொண்டர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்து, ராணுவத்துக்குப் போகும் முன், ஒரு வருடம் வெளிநாட்டு யூதர்களோடு தங்கி வேலை செய்வது அவர்களிடையே ஒரு வழக்கம். ஒருத்தி கட்டையான, அதிகம் பேசாத பெண். எந்நேரமும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். மற்றவன் நெடிய பையன். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி முழுக்க ஓடுவான். இருவரும் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்கள் கேட்டபோது அக்கா என்று சொல்லச் சொன்னேன்.

அவர்களுடைய நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இங்கே எங்கள் முன்வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். ஒருநாள் காலை மதிலில் யாரோ யூதர்களைத் திட்டிச் சிவப்பு மையால் எழுதியிருந்ததை, பெற்றோர் வரும் முன் நாங்களே தேய்த்து அழித்தோம்.

என் கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார். அவருக்கு நான் அங்கே வேலை செய்வது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"அந்தப் பிள்ளையள் வாற வருஷம் ஆமிக்குத்தானே போகுதுகள். அங்க குண்டு விழுற சனத்தையும் நாங்கள் ரீவீயில பாக்கிறம். நீர் கனக்க ஒட்டாதையும்" என்றார்.

அவருடைய அண்ணன் யாழ்ப்பாணத்தில் ஆமி அடித்த ஷெல்லில் செத்தவர். அவரோடு இதைப் பற்றி வாதாட என்னால் முடியவில்லை.

அது தை மாதத்துக் கடுங்குளிர். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து முடித்திருந்தோம். பையன் எனக்கு உதவியாகக் குப்பைப் பைகளை எடுத்துக்கொண்டு சமையலறையின் பின்கதவால் சந்துக்குப் போனான். ஒரு நிமிட வேலைதானே என்று ரீஷேர்ட்டோடு போனான். அவனுடைய போன் மேசையில் கிடந்தது. அந்தக் கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். அவன் தட்ட, நான் திறப்பதுதான் வழக்கம்.

அவன் போன கையோடு ஒலிபெருக்கியில் கார்டெரி இயக்குநரின் குரல் கேட்டது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த அந்த வாக்கியத்தை அவர் பிரெஞ்சில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொன்னார். கட்டடத்துக்கு ஆபத்து, எல்லோரும் உள்ளே ஒளியுங்கள், யாருக்கும் கதவைத் திறக்காதீர்கள் என்று அதற்குப் பொருள். அந்த முறை அது பயிற்சி அல்ல என்பதை அவருடைய குரலே சொன்னது.

நான் அடுப்பை அணைப்பதற்குள் அந்தப் பெண் பக்கத்து அறையில் இருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சமையலறைக்குப் பின்னால் மாவும் பருப்பும் வைக்கும் ஜன்னல் இல்லாத அறையில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தோம். சத்தம் போடுகிறவர் தோற்றுப்போகும் விளையாட்டு என்று அவள் கண்ணாலும் விரலாலும் காட்ட, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய ஊர் எல்லைக்குப் பக்கத்தில். சைரன் கேட்டால் ஓடிப் பதுங்கி வளர்ந்தவள். நானும் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவள்தான். ஆனால் பிள்ளைகளை எண்ணும்போது நான்தான் இரண்டு தரம் பிழைவிட்டேன்.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது.

முதலில் விளையாட்டாகத் தாளம் போட்டுத் தட்டினான். "அக்கா, திறவுங்கோ, விறைக்குது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

என் இடுப்பில் பின்கதவைத் திறக்கும் திறப்புக்கொத்து தொங்கியது. நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்."

"அவன்தானே. எனக்குக் குரல் தெரியும்" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்கும் தெரியும். அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதே."

இதற்குள் தட்டுவது இடிப்பதாக மாறிவிட்டது. அவன் அவளுடைய பெயரைச் சொல்லி அவர்களுடைய மொழியில் கூப்பிட்டான். ஒரு சின்னப் பெண்பிள்ளை வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்லப் பார்த்தது. அவள் அதை மடியில் இழுத்து முகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய கண்கள் என் திறப்பிலேயே இருந்தன. நான் உட்கார்ந்தேன்.

பிறகு சத்தம் திடீரென்று நின்றது. இடித்த நேரம் முழுவதையும் விட அந்த அமைதிதான் பயங்கரமாக இருந்தது. யாரோ அவனை ஏதோ செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவள் உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிரார்த்தனையா, அவனுடைய பெயரா, தெரியவில்லை.

இயக்குநர் தானே வந்து நாங்கள் இருந்த அறையின் கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. யாரோ தொலைபேசியில் மிரட்டியிருக்கிறார்கள். கட்டடத்தில் எதுவும் இல்லை. விரைந்து வந்த பொலிஸ்காரர்கள் பின்சந்தில் ஒருவன் கதவை இடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அவனைப் பனியில் குப்புறப் படுக்கச் சொல்லி, கையைப் பின்னால் மடக்கிவிட்டார்கள். இயக்குநர் போய் அவனை அடையாளம் காட்டும் வரை அவன் அப்படியே கிடந்திருக்கிறான்.

கம்பளி போர்த்தி அவனைச் சமையலறையில் உட்காரவைத்தார்கள். காது மடல்கள் வெள்ளையாகி, பிறகு சிவந்து வீங்கின. நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெண் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னான். அவள் வெளியே போய்விட்டாள். அந்த வார்த்தை என்னவென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "அந்த வேலையை விடும். வேற இடமே இல்லையோ உமக்கு?"

"அந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"ஆரோ பாப்பினம். நீர் பட்டது காணாதோ?"

நான் விடவில்லை. அடுத்த நாள் போனபோது அவள் எனக்கு முதலே வந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தொலைபேசியில் அழுது, உடனே திரும்பி வா என்று சொன்னாராம். "எங்கள் ஊரில் சைரன் அடிக்கிறது. அம்மா இங்கேதான் ஆபத்து என்கிறார்" என்றாள். அவள் போகவில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்காக அவனும் அவளும் ஒரே வீட்டில் இருந்து தனித்தனி பஸ்ஸில் வந்தார்கள்.

ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் செய்தது சரியா?"

"பிள்ளைகள் இருந்தார்களே."

"நீங்கள் தனியாக இருந்திருந்தால் திறந்திருப்பீர்கள்."

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

"உங்கள் ஊரிலும் இப்படிக் கதவைத் தட்டியிருக்கிறார்களா? யார்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் நேராகக் கேட்டாள். "ராணுவக்காரர்கள். உன்னுடைய வயதுதான் இருக்கும். அவர்களும் பயந்துபோய்த்தான் நின்றார்கள். கையில் துவக்கு இருந்தது. அப்பாவைக் கூட்டிப்போனார்கள். அடுத்த நாள் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரை விடவில்லை."

அவள் மறுபடி கத்தியை எடுத்து ஒரு கிழங்கைச் சீவி முடித்தாள். பிறகு, "அடுத்த வருடம் நான் அந்த உடுப்பைப் போடப்போகிறேன்" என்றாள். அவளுடைய குரலில் பெருமையும் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. எனக்கு அவள் மீது கோபம் வந்தது. அதே நேரம் அந்தக் கடித்த நகங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.

கோடையில், அவர்கள் புறப்படும் முன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போனோம். அங்கே இருந்து ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகும் சின்னப் படகில் எல்லோரும் ஏறினோம். பையன் கம்பியில் சாய்ந்து நின்றான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அவன் ஆங்கிலத்தில் பேசினான்.

"நான் உள்ளே இருந்திருந்தால் திறந்திருப்பேன்."

"தெரியும்" என்றாள் அவள்.

"திறந்திருந்தால் அது பிழையாகவும் போயிருக்கலாம்."

"அதுவும் தெரியும்."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. கரை வந்ததும் அவன் ஒரு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இன்னொரு பிள்ளையை அவளிடம் கொடுத்தான். சமாதானம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அவன் இப்போது எங்கே என்று தெரியவில்லை. அவள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். கிழமைக்கு ஒரு தடவை எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். நான் அதை வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்பேன். பிள்ளைகளைப் பற்றியும் என் சூப்பைப் பற்றியும் கேட்பாள். எங்கே நிற்கிறாய், என்ன செய்கிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். அவளும் சொல்வதில்லை.

போன கிழமை கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தப் பிள்ளையின்ர சத்தம் ஒண்டையும் காணேல்லை, என்ன?"

"இந்தக் கிழமை இன்னும் வரேல்லை" என்றேன்.