அந்திரிஸின் வலது முழங்கால்

போன கிழமை முழங்காலுக்கு எண்ணெய் வாங்க, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போனேன். கடைக்கார ஜெயம் போத்தலை எடுத்தவர், தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கால் அண்ணை?"

"வலது."

"எவ்வளவு நாளா நோகுது?"

"இப்பதான். கொஞ்சம்."

"கொஞ்சம் நோகிற ஆள் என்ரை வாசல்நிலையை அப்பிடிப் பிடிச்சு ஏறமாட்டாரே. கடைக்காரனுக்கும் பொய்யோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கோ எரிச்சல் வந்துவிட்டது. வெளியே வந்து மெத்ரோப் பாலத்தின் கீழ் நின்று மூடியைத் திறந்து மணந்தேன். நல்லெண்ணெயும் கற்பூரமும். இந்த மணம் எனக்கு ஆகாது. எந்த இடத்தில் நின்றாலும் என்னைப் பழைய விளையாட்டு மண்டபம் ஒன்றின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நான் அப்போது குடியிருந்த சார்செல் புறநகரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது அந்த மண்டபம். நான் அங்கே கார்டியன். பெரிதாக நினைக்க வேண்டாம். கதவு திறப்பது, தரை துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் நானும் கூடைப்பந்து ஆடியவன் என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தேன். ஆடியது உண்மை. எங்கள் வளையத்துக்குள்ளேயே ஒருமுறை பந்தைப் போட்டதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அப்போதே எனக்கு நல்ல தேர்ச்சி.

அங்கேதான் அந்திரிஸ் வந்து சேர்ந்தான். லாத்வியாக்காரன். என் சின்ன அறைக்குள் வரக் குனிவான். குனிந்தும் நெற்றியை இடித்துக்கொள்வான். தகப்பன் கடலோர ஊரொன்றில் மீன் தொழிற்சாலைத் தொழிலாளி. பள்ளிக்கூட அணியிலிருந்து ரீகா, பிறகு லித்துவேனியா, பிறகு போலந்து என்று வருடத்துக்கு ஓர் ஊராக ஆடி ஆடி மேற்கே வந்தவன். எங்கள் கூடைப்பந்துக் கழகம் சின்னது. அங்கேயும் ஒரு வருட ஒப்பந்தம்தான். "ஒரே கட்டிலில் தொடர்ந்து மூன்று குளிர்காலம் படுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்," என்பான்.

அவனுக்குப் பிரெஞ்சு வராது, ஆங்கிலம் வரும். அந்தக் கழகத்தில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் தரை துடைக்கிற நான். ஆகவே மொழிபெயர்ப்பாளனும் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாச்சப்பலுக்குக் கூட்டிவந்து கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்பான். முழங்கால் நோகிறது என்று அவன் சொன்னபோது இந்த எண்ணெயைத்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் பூசிக்கொண்டு வந்தால் மற்ற ஆட்டக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

இங்கே எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அகதிக் கேஸ் எழுதிய நாளிலிருந்து, எந்த அலுவலகமானாலும் கேட்டதற்கு மட்டும் பதில் என்பது எங்கள் வேதம். தாளில் ஏறியது பிறகு இறங்காது. வேலைக்கு முன் எடுக்கும் மெடிக்கலுக்கு ஒருமுறை எங்கள் ஆள் கனகு அண்ணையுடன் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். முதுகுநோவால் நிமிர முடியாத மனிதர், டாக்டரிடம் விலாவாரியாக எல்லாம் சொன்னார். நான் பிரெஞ்சில், "ஒன்றுமில்லை, நல்ல சுகம்," என்றேன். வேலை கிடைத்தது. "நீ இல்லாட்டி நான் அம்பிட்டிருப்பன் தம்பி," என்று ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு போட்டார். அதன்பிறகு மொழிபெயர்ப்பது என்றால் ஆளைக் காப்பாற்றுவது என்றே நம்பிவிட்டேன்.

மாசி மாதம் பெரிய கழகமொன்றின் ஆட்கள் அந்திரிஸின் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மூன்று வருட ஒப்பந்தம் என்று பேச்சு. சனிக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை மண்டபத்திலிருந்த மருத்துவ அறைக்கு அவனைக் கூட்டிப்போனேன். மருத்துவர் வயதானவர். ஆங்கிலம் தெரியாததில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. எப்போதிருந்து நோகிறது என்று கேட்டார்.

அந்திரிஸ் சொன்னான்: "மூன்று வாரமாக. படி இறங்கும்போது உள்ளே ஏதோ நழுவுகிறது. ஒரு மாதம் ஓய்வு வேண்டும்போல இருக்கிறது. நாளைக்கு ஆடாவிட்டால் போகட்டும், அவர்கள் மறுபடி வருவார்கள்."

நான் சொன்னேன்: "ஆடி முடிந்ததும் கொஞ்சம் நோகும். இப்போது சுகம்."

மருத்துவர் காலை இரண்டு தரம் மடக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

"நீ ஆடலாமாம்," என்றேன்.

அந்திரிஸ் காலுறையைப் போடாமல் என்னைப் பார்த்தான். "நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாயா?"

"எல்லாம் சொன்னேன்."

சனிக்கிழமை, இடைவேளைக்குப் பிறகு, பந்துக்கு எழும்பியவன் இறங்கும்போது நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப்போனவன்போல விழுந்தான். தரையில் சிந்தும் வியர்வையைத் துடைக்கும் தும்புத்தடியோடு நான் ஓரத்தில் நின்றேன். மருத்துவர் ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

"நான்தான் சொன்னேனே! பிறகு ஏன் ஆட விட்டார்? கேள் அவரிடம்!"

"இவன் ஏன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை? கேளும் அவனிடம்!"

நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. மருத்துவரிடம், "வலிக்கிறதாம்," என்றேன். அந்திரிஸிடம், "வருத்தப்படுகிறார்," என்றேன். முதல்நாள் சொன்னதையாவது பழக்கம் என்று சொல்லித் தப்பலாம். இது வெறும் கோழைத்தனம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கால் பழையபடி வரவில்லை. பெரிய கழகத்து ஆட்கள் மறுபடி வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு கடிதம் எழுதினான். தகப்பன் வேலை செய்த தொழிற்சாலையில் உன்னைப்போலக் கதவு திறக்கிறேன் என்று பகிடியாகத் தொடங்கி, "பிரான்ஸில் எனக்காகப் பேசியவன் நீ ஒருவன்தான். அந்த மருத்துவரைக் கண்டால், ஏன் அப்படிச் செய்தார் என்று கேள்," என்று முடித்திருந்தான். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் 'அன்புள்ள அந்திரிஸ்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

போன வருடம்தான் ஒருவழியாக எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. உறையில் லாத்விய மொழியில் ஏதோ முத்திரை குத்தியிருக்கிறது. ஆள் இல்லையா, வீடு மாறினானா, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இணையத்தில் அவன் பெயரைத் தேடினால் ஆடிய கழகங்களின் பட்டியல் வருகிறது. கடைசியாக எங்கள் கழகம். அதற்குக் கீழே வெறுமை. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

மருத்துவர் இறந்து கனகாலம். கழகம் கலைந்துவிட்டது. மண்டபத்தை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த மருத்துவ அறை இருந்த இடத்தில் இப்போது யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். அன்று அங்கே இரண்டு பேர் ஒளிக்காமல் பேசினார்கள். அந்த இரண்டு பேரின் பேச்சும் விளங்கியவன் நான் ஒருவன்தான்.