கீகனைப் பற்றி டோரீன் சொன்னது

பெல்கோர் ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் டோரீன் ஹ்ரைசாக் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் மூக்கு ஒழுக உட்கார்ந்து போனவர்கள். பனி கண்ணை மறைக்கிற காலைகளில்கூட ஒரு பிள்ளையை விடாமல் ஏற்றிக்கொண்டு போவாள். அறுபதைத் தாண்டியபின் பேருந்தை விட்டுவிட்டாள். ஐஸ் ஹாக்கிப் பையன்களை விடவில்லை.

ஊர் அணியில் ஆட வெளியூரிலிருந்து வருகிற பையன்களை ஆளுக்கொரு வீட்டில் தங்க வைப்பார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். ஒரு முழுக்கோழியை நின்றபடியே தின்றுவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்கிற வயது. டோரீனின் சொந்த மகன் கால்கரியில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். மாடியில் அவன் அறை காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முதல் பையனைச் சேர்த்துக்கொண்டாள். அப்புறம் வருஷத்துக்கு ஒருவன் வந்தான், போனான். போனவர்களில் பலர் கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள்.

கீகன் வோத் வந்தது ஜனவரி மாதத்தில், ஊரே கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது. அணியின் தலைவன் லேண்டன் மசூர் உள்ளூர்ப் பையன். டயர்க்கடைக்காரர் மகன். சீசன் நடுவில் அவனை மனிடோபா மாகாணத்து அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்தப் பதினேழு வயது முன்கள ஆட்டக்காரனை வாங்கிவிட்டார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் பெரிய ஆளாக வருவான் என்பது மேலாளர் கிளென் ஃபோசமின் கணக்கு. காபிக்கடையில் அந்தக் கணக்கை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"டிராக்டரைக் கொடுத்துட்டு சைக்கிள் வாங்கியிருக்கானுங்க," என்றார் டோரீனின் கணவர் வால்டர். "அதுவும் பிரேக் பிடிக்குதான்னு பார்க்காம."

"பையன் காதுல விழப்போகுது. வாயை மூடுங்க," என்றாள் டோரீன்.

பையன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். தோளில் மூட்டை, கையில் இரண்டு மட்டைகள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"பிரேக் நல்லாப் பிடிக்கும் சார்," என்றான். "மணிதான் அடிக்காது."

வால்டர் ஒரு நொடி முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். கீகனின் ஊரில் வயலெல்லாம் சூரியகாந்தி என்பதால் வால்டர் அவனை "டேய் சூரியகாந்தி" என்றே கூப்பிட்டார்.

பனித்தளத்தில் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் முதலில் காபிக்கடைப் பேச்சை மறந்துவிட்டார்கள். அவ்வளவு வேகம். பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டதுபோல வரும். இரண்டு பேர் நடுவில் இடமே இல்லாத இடத்தில் புகுந்து வெளியே வருவான். மூன்றாவது ஆட்டத்தில் அவன் போட்ட கோலுக்கு லேண்டனின் அப்பாவே எழுந்து நின்று கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் மூலையில், தளத்தைச் சுற்றி அடித்திருக்கிற பலகை ஓரமாக வட்டு போனால் கதை மாறிவிடும். எதிராளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். மோதித் தள்ளினால் வட்டு கிடைக்கும், ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு. கீகன் பாய்ந்து வருவான், கடைசி நேரத்தில் வேகத்தை அடக்கிவிடுவான். வட்டு போய்விடும். பிப்ரவரிக்குள் எல்லா எதிரணிக்கும் இது தெரிந்துவிட்டது. கோழை என்று கேலி செய்து, கூட்டத்திலிருந்து கோழிபோலக் கொக்கரிக்க ஆரம்பித்தார்கள். வெளியூர்க் கூட்டமல்ல, உள்ளூர்க் கூட்டமே.

 டோரீன் அதைப் பற்றி வீட்டில் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரோகிக் கொழுக்கட்டை அவித்து, வெங்காயம் வதக்கிப் போட்டுத் தட்டை நிறைத்தாள். அவன் முழுவதையும் தின்பான். ஆட்ட நாளில் மட்டும் வயிற்றில் எதுவும் தங்காது. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வாந்தி எடுப்பான்.

பல் டாக்டரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குக் காரில் கூட்டிப்போன மத்தியானம்தான் அவன் வாயைத் திறந்தான். நெடுஞ்சாலையில் காற்றடித்த பனித்தூள் பாம்புபோல ஊர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவன், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல ஆரம்பித்தான்.

"போன வருஷம் ஒருத்தனை அடிச்சேன். மூலையில. அவன் திரும்பிட்டான், நான் நிறுத்தலை."

டோரீன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடி பலமா?"

"கழுத்து. கீழே விழுந்தவன் எந்திரிக்கலை. கை அசையுதான்னு கேட்டாங்க. அசையலை. இப்ப கம்பியைப் பிடிச்சுட்டு நடக்கிறான்."

"ஐயோ."

"நடுவர் தப்புன்னு சொல்லலை. எல்லாரும் நல்ல அடின்னாங்க. கோச் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாரு, டோரீன். அவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க, இவரு என் முதுகைத் தட்டறாரு."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். அவன் அழவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"எவன் முதுகைக் காட்டினாலும் எனக்கு அந்தப் பையன் முதுகாத்தான் தெரியுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க அப்பாவுக்கே தெரியாது. கணுக்கால் வலின்னு சொல்லிட்டிருக்கேன்."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன் கண்ணா," என்றாள் டோரீன்.

சீசன் முடிவில் நடக்கிற கோப்பைப் போட்டிகளின் முதல் சுற்றிலேயே அணி தோற்றது. கீகன் ஊருக்குக் கிளம்பினான். வால்டர் அவனைக் கட்டிப்பிடித்து, "செப்டம்பர்ல வரும்போது மணியை மாட்டிட்டு வாடா" என்றார். அவன் தன் பனிக்காலப் பூட்ஸைப் படிக்கட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போனான். திரும்பி வருகிறவன்தானே, இருக்கட்டும் என்றாள் டோரீன்.

ஏப்ரலில் ஒரு நாள் கிளென் ஃபோசம் வந்தான். அவனும் அவள் பேருந்தில் போனவன்தான். கடைசி சீட்டில் உட்கார்ந்து சண்டை இழுப்பவன். இப்போது நாற்பது தாண்டி, தலை வழுக்கை விழுந்து, தூக்கமில்லாத கண்களோடு இருந்தான். லேண்டனைக் கொடுத்ததற்கு ஊர் அவனைச் சும்மா விடவில்லை.

"உட்காரு கிளென். என்ன இப்படி இளைச்சுட்ட?"

"ஊர்ல எல்லாரும் கடிச்சுத் தின்னா இளைக்கத்தானே செய்யணும்?" காபியை வாங்கிக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அடுத்த வருஷத்துக்கு யாரை வச்சுக்கறது, யாரை விடறதுன்னு முடிவு பண்றோம். கீகன்தான் எனக்குப் பிடிபட மாட்டேங்கிறான். கையில தங்கம் இருக்கு. அந்த வேகம் எங்கயும் கிடைக்காது. ஆனா மூலைக்குப் போனா தயங்கறான். கணுக்கால் வலிங்கிறான். டாக்டர் பார்த்துட்டாரு, கால்ல ஒண்ணுமில்ல."

"அவன் நல்ல பையன்."

"நல்ல பையன்னு எனக்கும் தெரியும். கோழையா இல்லையா, அதான் தெரியணும். எங்க கமிட்டியில ரெண்டு பேரு கோழைன்னே முடிவு கட்டிட்டாங்க. உங்க வீட்ல இருந்தவன், உங்களுக்குத் தெரியாததா?"

அந்தச் சொல்தான் டோரீனைச் சுட்டது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கூட்டம் கொக்கரித்தது அவள் காதில் இன்னும் இருந்தது. இந்தப் பையனைப் போய்க் கோழை என்று எழுதிவிடுவார்களா? யாரோ ஒருவர் உண்மையைச் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. அவன் நல்லதுக்குத்தானே என்று அதை ஒதுக்கி வைத்தாள்.

"அவன் கோழை இல்ல கிளென்," என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்து உடைந்த பையனை, முதுகைத் தட்டிய கோச்சை, குளியலறைக் குழாயை. "தனக்கு அடிபடும்னு அவன் பயப்படலை. அடுத்தவனுக்கு அடிபடக்கூடாதுன்னு பார்க்கிறான். இதைவிடப் பெரிய மனசு யாருக்கு இருக்கு சொல்லு?"

கிளென் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகம் இளகியது. அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"அதான் மனிடோபாக்காரங்க அவனை அவ்வளவு சுலபமா விட்டுக்கொடுத்தாங்களா," என்றான் மெதுவாக. எழுந்து அவள் தோளைத் தொட்டான். "நல்ல வேளை சொன்னீங்க."

அவன் போனபின் டோரீன் பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள் என்று வால்டர் பிற்பாடு சொல்வார். அவ்வளவு நிம்மதியாக இருந்தாளாம்.

ஜூனில் போன் வந்தது. கீகன் முதலில் வால்டரை விசாரித்தான், தோட்டத்தை விசாரித்தான்.

"கிளென் கூப்பிட்டாரு. என்னை அணியிலிருந்து தூக்கிட்டாங்க. பெயர்ப் பட்டியல்ல நான் இல்ல."

டோரீன் குறுக்கிட்டாள். "ஏன்னு சொன்னானா?"

"கோழையா இருந்தா பழக்கிடலாமாம். அடிக்க மனசு வராதவனைப் பழக்க முடியாதாம். நான் ஆடாம இருக்கிறது எனக்கே நல்லதாம்," என்று ஒப்பித்தான். "அந்த அடி விஷயத்தை நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமா. நான்தான் சொன்னேன். அவனுங்க உன்னைக் கோழைன்னாங்க, கீகன். எனக்குத் தாங்கலை."

"தெரியும். நீங்க கெட்டது நினைச்சிருக்க மாட்டீங்க." திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை. "கோழைன்னே விட்டிருக்கலாம்," என்றான். "என் பூட்ஸை மட்டும் அனுப்பிடறீங்களா?"

அன்று மாலையே அவள் கிளென் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? நான் அவனுக்காகச் சொன்னேன்!"

"எனக்குத் தெரியும் டோரீன். நீங்க சொல்லலேன்னா நான் அவனை வச்சிருப்பேன். கால்தான்னு நம்பி இன்னொரு வருஷம் பார்த்திருப்பேன். மூலைக்குப் போக முடியாதவனை வச்சு நான் என்ன பண்றது? வேற எவனாவது அவனையே பலகையில வச்சு உடைச்சிருப்பான். நீங்க பண்ணது தப்பே இல்ல."

அவன் மனசார அப்படி நினைத்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் வீட்டில் முன்பு தங்கியிருந்த ஒருவன் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஓர் அணியின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். கீகனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுடா, எனக்காக. மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமினான். "நீங்க கேட்டு இல்லேன்னு சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பையன் கதை எல்லா இடத்துக்கும் வந்திருச்சு. யாரும் தொட மாட்டாங்க." அவள் போனை வைத்தாள்.

கோடை முடிவில் வால்டர்தான் கீகன் வீட்டுக்குப் போன் பண்ணிப் பார்த்தார். அப்பா எடுத்தார். பையன் விதைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறானாம். பனியில் சறுக்கி ஆடுகிற ஸ்கேட்டை யாருக்கோ கொடுத்துவிட்டானாம். "எங்ககிட்ட சொல்லாததை உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கான்," என்று மட்டும் அவர் சொன்னார். கோபமா வருத்தமா என்று வால்டருக்குத் தெரியவில்லை.

டோரீன் இனிப் பையன்களைச் சேர்ப்பதில்லை என்றுதான் இருந்தாள். செப்டம்பரில் பையன்களைத் தங்க வைக்க வீடு போதவில்லை என்று அணியிலிருந்து ஒரு பெண் வந்து கைகூப்பாத குறையாகக் கேட்டாள். இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவள், சரி என்றாள். வந்தவன் ஆன்டன், ஒன்டாரியோவிலிருந்து. வளவளவென்று பேசுகிற பையன். முதல் இரவுச் சாப்பாட்டில் அவன் தன் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?" என்றான்.

"சொல்லிடுவேன்," என்றாள் டோரீன். "என்கிட்ட எதுவும் சொல்லாதே."

அவன் சிரித்தான். வால்டர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. துணி துவைத்து மடித்து வாசலில் வைத்தாள். எல்லா ஆட்டத்துக்கும் வால்டர் மட்டும் போனார். கிறிஸ்துமஸ் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய ஆன்டன் வேறு வீடு கேட்டானாம். குற்றம் ஒன்றுமில்லை, அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றானாம்.

அணியிலிருந்து அதே பெண்தான் வந்து, மனம் புண்படாமல் சொல்லப் பார்த்தாள். டோரீன் அவளுக்குக் காபி கொடுத்தாள். பிறகு மாடிக்குப் போய்ப் படுக்கை விரிப்பை உருவி எடுத்துவிட்டு, அறையின் ஹீட்டரை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.