மூன்று பேர் நிறுத்திய பிறகு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி என்றால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கனத்துப்போகிறது. சாஆ என்கிற சின்ன ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக நான் இருந்தபோது, ஏறக்குறைய ஒரு வருஷம், வாராவாரம் அந்த நேரத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போய் இசை கேட்டேன். இதைச் சொன்னால் எல்லோருக்கும் பொறாமை. துரையோடு சமமாக நாற்காலியில் உட்கார்ந்து கிராமபோன் கேட்டவனா நீ, கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். நான் கொடுத்தது என் தூக்கத்தை என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ஜனங்களில் பாதிப் பேரை ஊருக்கே கப்பலேற்றிவிட்ட காலம் அது. பக்கத்துத் தோட்டத்து டிரெசரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த ஆஸ்பத்திரியையும் என் தலையில் கட்டினார்கள். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நின்று, பேர் கொடுக்க வருகிற ஒவ்வொருவர் வாயிலும் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றினால் மட்டும் போதாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தடியில் போய்த் துப்பிவிடுவார்கள். "இதைக் குடிச்சா காதுக்குள்ள வண்டு கத்துதுங்க டிரெசரய்யா" என்பார்கள். "காய்ச்சல்ல போறதுக்கு வண்டு தேவலாம், குடி" என்பேன். பிறகு புண், கழிச்சல், பிரசவம். பிறகு செம்மண் பாதையில் நாலு மைல் சைக்கிள் மிதித்தால் அடுத்த தோட்டம், அங்கேயும் அதே வேலை. எனக்கென்று மிஞ்சியது ஞாயிறு மதியம் ஒன்றுதான்.

துரை தனிக்கட்டை. தமிழைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களிடம் கற்றுக்கொண்டவர், அதில் அவருக்கு ஏகப் பெருமை. யாரிடமும் தமிழில்தான் பேசுவார், எல்லோரையும் 'நீ' என்பார். 'நீங்க' என்று மற்றவர்கள் தன்னிடம் சொல்லக் கேட்டு, அது தனக்கு மட்டுமே உரிய சொல் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கோ என் ஆங்கிலத்தில் பெருமை. ஆகவே அவர் தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். எங்களைப் பார்த்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்த வருஷம் துரைக்கு மூன்றாம் தடவையாகக் காய்ச்சல் கண்டு, பிழைத்ததே பெரிது என்று ஆனது. மாதம் ஒருமுறை சிகாமட்டிலிருந்து வரும் டாக்டர் கொயினாவின் அளவைக் கூட்டி, காய்ச்சல் திரும்பாதிருக்கத் தொடர்ந்து குடிக்கச் சொன்னார். வேளாவேளைக்கு அளந்து கொடுத்தவன் நான். புறப்படும்போது டாக்டர் என்னைத் தனியே அழைத்து, காதில் இரைச்சல் வந்தால் பயமில்லை, கேட்பது குறைந்தால் மட்டும் தனக்கு உடனே தெரிவிக்க வேண்டும், மருந்தை மாற்றத் தாமதித்தால் போன காது திரும்பாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன்.

காய்ச்சல் விட்ட இரண்டாம் வாரம், பங்களாவில் சமைக்கும் ஹைனான் சீனர் ஒரு துண்டுச்சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தது. மறுபடியும் காய்ச்சலோ என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். துரை நன்றாகத்தான் இருந்தார். முன்கூடத்தில் கிராமபோன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி பிரித்துக் கிடந்தது. வைக்கோலுக்கு நடுவே இசைத்தட்டுகள். சீமையிலிருந்து கப்பலில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தவை. பெரிய சண்டை முடிந்த பிறகு அங்கே புது மாதிரியாக இசை எழுதுகிறார்கள், இது அந்த இசைதான் என்றார். காய்ச்சல் விட்டும் அவருக்குக் கையில் இன்னும் பிடி வரவில்லை. "நீ ஊசி போடு. ஒனக்குத்தான் பழக்கம்" என்று கிராமபோன் முள் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

போட்டேன். நாலு தந்தி வாத்தியங்கள், வேறொன்றும் இல்லை. மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடையாது, தாளம் இருக்கிறதென்று நினைத்தால் கைவிட்டுப் போய்விடும். லயத்துக் குழாயடியில் நாலு பெண்கள் நின்று, ஆளுக்கொரு கதையை, யாருக்கும் காது கொடுக்காமல் ஒரே நேரத்தில் பேசுவது போல் இருந்தது. கிராமபோன் பெட்டி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். நாலு நிமிஷத்தில் தட்டு முடிந்ததும் துரை என் பக்கம் திரும்பினார்.

"டிரெசர், இது பாட்டே இப்படியா? இல்ல என் காது இப்படியா?"

அவர் விளக்கிச் சொன்னபோதுதான் என்னை அழைத்த காரணம் புரிந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவர் காதிலும் வண்டு கத்திக்கொண்டிருந்தது. காது நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய தட்டுகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவையெல்லாம் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். எங்காவது கேட்காமல் போனாலும் மனசே நிரப்பிவிடுகிறது, காது கேட்டதா மனசு கேட்டதா என்று தெரியவில்லை. இந்தப் புது இசையை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை. மனசு பொய் சொல்ல முடியாது. ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்பதைச் சொல்ல வேண்டும், தனக்குக் கேட்பதோடு ஒத்துப்பார்த்துக்கொள்வார். அவர் காது போகிறதா இல்லையா என்பதற்கு நான் சாட்சி. "நீ மருந்து குடுத்தவன். நீதான் சொல்லணும்" என்றார்.

இப்படி ஆரம்பித்தது. வாத்தியங்களின் பெயர் எனக்கு நாக்கில் நிற்கவில்லை. அதனால் மெல்லிய குரலுக்கு மருமகள், அதற்கு அடுத்ததற்கு நாத்தனார், கொஞ்சம் கரகரப்பானதற்கு மாமியார், தடித்ததற்கு மாமனார் என்று பெயர் வைத்தேன். துரைக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டே "இப்ப மருமக என்னா பண்றா?" என்பார். "கிள்ளுகிறாள், சார்" என்பேன். வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைக் கிள்ளுவார்கள். "மாமியா?" "புலம்புகிறாள், சார்." அவருக்கும் அதுவே கேட்டிருந்தால் முகம் தெளியும். ஒரு தட்டை மூன்று தரம், நாலு தரம் போடச் சொல்வார். வெளியே மழை கொட்டினால் மழை விடும்வரை காத்திருந்து மறுபடியும் போட வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது விளக்கேற்றியிருப்பார்கள். "அங்க போயி அழுகையைக் கேட்டுட்டு வர்றதுக்கு, இங்க நம்ம புள்ளைங்க அழுவுறது பத்தலையா?" என்பாள் மனைவி. நான் அப்படியே பாயில் சாய்ந்துவிடுவேன்.

அந்த இசை பிடித்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு இடம் இருந்தது. மூன்றாம் தட்டின் பின்பக்கத்தில், நாலு பேரும் அடித்துப்பிடித்துச் சண்டையிட்டு ஓய்கிற நேரத்தில், மாமனார் நிறுத்துவார், மாமியார் நிறுத்துவாள், நாத்தனாரும் நிறுத்திவிடுவாள். மருமகள் மட்டும் மேலே, எட்டாத உயரத்தில், ஒரே சுரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எங்கேயும் போக மாட்டாள், அழக்கூட மாட்டாள். அதைக் கேட்கும்போது என் களைப்பை யாரோ பார்த்துவிட்டது போல் இருக்கும். வாரம் முழுவதும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிந்து காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு வாரம். இரண்டு ஆஸ்பத்திரியிலும் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தோம். நான் படுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஞாயிறன்று பங்களா நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் தானாகச் செருகியது. மூன்றாம் தட்டின் பின்பக்கம் வந்தது. மூன்று பேரும் நிறுத்தினார்கள். மருமகள் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவு தெளிவாக. அதுவரை அந்த இடத்தைப் பற்றி எதுவும் கேட்காத துரை கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் நிறுத்திட்டாங்களா?"

இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி போடு என்பார். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைப்பார். மறுபடி, மறுபடி. பொழுது சாய்ந்துவிடும். நான் "சைலன்ஸ், சார்" என்றேன்.

"நல்லா இருக்கு. எழுதுனவன் தைரியமா நிறுத்தியிருக்கான்" என்றார் துரை. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அரைமணி முன்னதாக வீட்டுக்குப் போய் விழுந்தேன்.

அவர் மனசு உடையக்கூடாது என்று சொன்னேன், கொயினாவை நிறுத்திவிட்டால் காய்ச்சல் கொன்றுவிடும் என்று பயந்து சொன்னேன் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே எத்தனையோ கதை கட்டிக்கொண்டேன். அளந்து கொடுத்தவன் நான் என்கிற பயமும் ஒரு மூலையில் இருந்திருக்கலாம். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.

ஒருமுறை சொன்னதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே கேள்வி. இந்த வாரம் மாற்றிச் சொன்னால் போன வாரம் சொன்னது பொய்யாகிவிடும். "சைலன்ஸ், சார்." அந்த மாதம் டாக்டர் வந்து, துரையின் காது எப்படி என்று கேட்டார். "இரைச்சல் மட்டும்தான், சார்" என்றேன். அளவு மாறவில்லை. வேளாவேளைக்கு அளந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். மருமகள் நிற்கிற இடம் வரும்போது ஜன்னலைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை துரை பெரட்டுக்கு வரவில்லை. ஜனங்கள் மரம் சீவ மலைக்குப் போன பிறகு வந்து, கங்காணியைப் பார்த்து "ஏன் மணி அடிக்கல?" என்று கோபித்துக்கொண்டார். கங்காணி மணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வழக்கம்போல நாலு முறை அடித்த மணி. அன்றைக்கே டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து சோதித்து மருந்தை மாற்றினார். "எத்தனை நாளாக?" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து மருந்துப் பெட்டியை மூடினேன். துரை சீமைக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று.

அதற்கும் பிறகு ஒரு ஞாயிறு சீட்டு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். மனைவிதான் "கூப்பிட்டிருக்காரு, போய்ட்டு வந்துடுங்க" என்றாள். பங்களாவில் பாதிச் சாமான்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். கிராமபோன் மட்டும் அதே இடத்தில் இருந்தது. துரையின் மடியில் ஒரு மெல்லிய புத்தகம். அந்த இசையை அச்சடித்த புத்தகம், அந்த வாரம்தான் தபாலில் வந்ததாம். மூன்றாம் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். மாமனாரின் தடித்த குரல் மட்டும் இன்னும் அவருக்குக் கொஞ்சம் கேட்டது. அதை வைத்துக்கொண்டு பக்கத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையும் இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு வரிசை. கீழே மூன்றிலும் ஒன்றுமில்லை. மேல் வரிசையில் மட்டும் ஒரே ஒரு சுரம், கட்டத்துக்குக் கட்டம் வளைகோட்டால் முடிச்சுப் போட்டு, பக்கம் முடியும்வரை போய்க்கொண்டிருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ களைச்சிருந்தே. எனக்குத் தெரியும். அன்னிக்கு ஒக்காந்ததுமே கண்ணு மூடிட்டே" என்றார். பிறகு புத்தகத்தை மூடி வைத்தார். "நான் இனிமே இதைக் கேக்கப் போறது இல்ல. நீ சொல்லு. அது எப்படி இருக்கு?"

முள்ளை மாற்றி, மறுபடியும் போட்டேன். அந்த வீட்டில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே ஒரு தட்டை மறுபடி போட்டேன். நாலு பேரும் சண்டையிட்டார்கள். மாமனார் நிறுத்தினார். மாமியார். நாத்தனார். மருமகள் நின்றாள்.

இத்தனை நாளும் அந்தக் கூடத்தில் வாயில் வந்த ஆங்கிலம் அன்றைக்கு வரவில்லை. "புள்ளை தூங்குன பிறகும், தாய் முதுகுல தட்டுன கையை எடுக்காம வச்சிருப்பாளே, அந்த மாதிரி இருக்குங்க" என்றேன்.

துரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "என்னா? பெரிசா சொல்லு."

குரலை உயர்த்திச் சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினார், கேட்கவில்லை. எழுந்து அவர் காதருகே குனிந்து, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போலத் தொண்டை கிழியக் கத்தினேன். தாய், கை, பிள்ளை, தூக்கம் என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினேன். சமையல்கார சீனர் பயந்துபோய்க் கதவருகே ஓடிவந்து நின்றார். துரைக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டிச் சிரித்தார். நான் நிமிர்ந்தபோது தட்டு முடிந்து, முள் அதன் நடுவில் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் அன்றைக்கு மருமகளின் அந்தச் சுரம் எனக்கும் கேட்கவில்லை.