துப்பறியும் படத்துக்கு நான் கதை சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளில் தாராவியில் எங்கள் சந்தில் எல்லாரும் சேர்ந்து ஞாயிறு மதியம் படம் போட்டுப் பார்க்க வீடியோ டெக் வாடகைக்கு எடுப்போம். எந்தப் படம் என்று முறைவைத்து ஒவ்வொரு வீட்டாரும் சொல்ல வேண்டும். நம் வீட்டு முறை வந்தபோது, பிள்ளைகளே, கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய இங்கிலீஷ் துப்பறியும் படம் கேட்டேன். பேர்பெற்ற கதைகளிலிருந்து எடுத்த படம். அந்தக் கதைகளை மாட்டுங்கா வாசகசாலையில் எடுத்துத் தமிழில் படித்திருந்தேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்குக் கோபம். "கலர்ல தமிழ்ப்படம் கெடக்க, இது எதுக்குவே? எவனுக்கு வெளங்கும்?"

"நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன் அண்ணாச்சி. கதை பக்காவா தெரியும்."

"வெளங்கலன்னா இனி ஒமக்கு முறை கெடையாது, பாத்துக்கிடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எட்டாவதுவரை படித்தவன். ஆனாலும் சந்தில் புத்தகம் வாசிக்கிறவன் என்று எனக்கொரு பேர் இருந்தது. முறை போனால் அந்தப் பேரும் போகும்.

எங்கள் சந்தில் படம் தொடங்கியதும் முதல் கேள்வி, வில்லன் யார் என்பதுதான். அது தெரிந்தால்தானே திட்ட முடியும்! துப்பறியும் கதையில் அதைச் சொல்லக்கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். பக்கத்துவீட்டு மைனி விடவில்லை.

"ஆளு தெரியாம எப்படிப் பாக்க? சொல்லிருங்க கொழுந்தனாரே."

"அந்த ஒல்லிக் காரியதரிசிதான் எசமானைக் கொன்னவன்" என்றேன்.

அவ்வளவுதான். காரியதரிசி கதவைத் திறந்தால் திட்டு, டீ குடித்தால் திட்டு. அந்த வீட்டு டாக்டர் வரும்போதெல்லாம், "தங்கமான மனுசன்" என்றார்கள் பெண்கள். இங்கிலீஷ் எனக்கும் அரைகுறைதான். படித்த கதையை வைத்தே வசனம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார். நேராகப் போய் டாக்டரின் தோளில் கைவைத்தார். டாக்டருக்கு விலங்கு மாட்டினார்கள்.

"என்னவே இது? ஒம்ம காரியதரிசி சோபால சும்மா உக்காந்திருக்கான்!"

"புத்தகத்துல அவன்தான் அண்ணாச்சி. படத்துக்காக மாத்திட்டாங்க. மாத்தினது தப்பு. டாக்டருக்குக் கொன்னு என்ன கெடைக்கும்? காரியதரிசி எசமான்கிட்ட எத்தனை அவமானம் பட்டான், நீங்களே பாத்தீங்கள்லா?"

அடித்துச் சொன்னேன். படித்துத் தெரிந்ததைச் சொல்ல எதற்குத் தயக்கம்?

மைனி என் பக்கம் வந்துவிட்டாள். "அம்புட்டு நேரம் அவனைத் திட்டியிருக்கேன், அது வீணாப் போவுமா? டாக்டரைப் பிடிச்சு அடைச்சுட்டா அந்த ஊர்ல யாரு வைத்தியம் பாப்பா?"

"எனக்கு அப்பவே டாக்டர்மேல ஒரு சந்தேகம்" என்றார் அண்ணாச்சி.

"நீங்க அப்பம் கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க அண்ணாச்சி" என்றாள் உங்கள் அம்மா. சந்தே சிரித்தது.

தமிழ்ப்படம் முடிந்தால் உடனே எழுந்து போகிறவர்கள், அன்று குழாயில் தண்ணீர் வரும்வரை வாதாடினார்கள். டாக்டர் கட்சி, காரியதரிசி கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். என் தீர்ப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. பனியும் குதிரைவண்டியும் அந்தத் துப்பறிபவரின் நடையுமாக அது நல்ல படம்தான். முடிவு மட்டும் புத்தகத்தில் இருப்பதுதான் சரி.

குடத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"ஒம்ம முறை ஒமக்கு உண்டும்வே. இதே ஆளு துப்பறியுற படம் இன்னொண்ணு இருந்தா எடும். ஆனா நீரு படிக்காத கதையாப் பாத்து எடும்."